மெடிக்கெய்ட் முடிவு வரும் முன்பே நர்சிங் ஹோம் காலி செய்யச் சொன்னால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் அப்பாவையோ அம்மாவையோ நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டு, மெடிக்கெய்டுக்கு (வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி) விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காக இந்தப் பக்கம். மத்திய அரசின் விதிகள் மெடிக்கேர் (முதியோருக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடு), மெடிக்கெய்ட் பணம் வாங்கும் எல்லா நர்சிங் ஹோமுக்கும் பொது. அதற்கு மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்திருக்கும். மாநிலத்துக்கு மாநிலம் மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

விண்ணப்பம் போட்டு இரண்டு மாதம் ஆகிறது, முடிவு வரவில்லை. "பாக்கி ஏறிக்கொண்டே போகிறது, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்கிறார்கள். அனுப்ப முடியுமா?

முடியாது. மெடிக்கெய்ட் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது "பணம் கட்டவில்லை" என்ற காரணத்துக்காக ஒருவரை வெளியேற்றக் கூடாது.

1987-ல் வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம், ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வெளியே அனுப்ப ஆறே ஆறு காரணங்களைத்தான் அனுமதிக்கிறது. அவருக்குத் தேவையான பராமரிப்பை அந்த இடத்தால் தர முடியவில்லை. உடம்பு தேறிவிட்டது, இனி அங்கே இருக்கத் தேவையில்லை. அவரால் மற்றவர்களின் பாதுகாப்புக்கு ஆபத்து. மற்றவர்களின் உடல்நலத்துக்கு ஆபத்து. உரிய முன்னறிவிப்பு கொடுத்த பிறகும் பணம் கட்டவில்லை. நர்சிங் ஹோமையே மூடுகிறார்கள். ஏழாவதாக ஒன்று கிடையாது. "மகள் அடிக்கடி புகார் சொல்கிறாள்" என்பதும், "மெடிக்கெய்ட் கொடுக்கும் தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது" என்பதும் இந்தப் பட்டியலில் இல்லை.

பணம் கட்டாததைப் பற்றிய விதி 2016-ல் இன்னும் தெளிவாக எழுதப்பட்டது (மத்திய அரசின் விதித்தொகுப்பில் 42 சி.எஃப்.ஆர். 483.15). இரண்டு நிலைமைகளில்தான் அது "பணம் கட்டாமை" ஆகும். ஒன்று, மெடிக்கெய்டுக்குத் தேவையான தாள்களை நீங்கள் கொடுக்காமல் இருப்பது. இரண்டு, மெடிக்கெய்ட் மறுத்த பிறகும் பணம் கட்ட மாட்டேன் என்று நிற்பது. விண்ணப்பம் உள்ளே இருக்கிறது, கேட்ட தாள்களைக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள், முடிவு மட்டும் வரவில்லை என்றால் இரண்டுமே பொருந்தாது.

ஆகவே உங்கள் பலம் முழுக்கத் தாள்களில்தான் இருக்கிறது. உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் மெடிக்கெய்ட் அலுவலர் (கேஸ் வொர்க்கர்) கேட்ட பேங்க் ஸ்டேட்மென்ட்டை அனுப்பாமல் மூன்று வாரம் கிடப்பில் போட்டால், முதல் நிலைமைக்குள் நீங்களே போய் உட்கார்ந்துகொள்கிறீர்கள். எதை அனுப்பினாலும் தேதியோடு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேக்ஸ் அனுப்பினால் அந்த உறுதிச்சீட்டு, இணையத்தில் ஏற்றினால் ஸ்கிரீன்ஷாட், நேரில் கொடுத்தால் முத்திரை வைத்த நகல். நாளைக்கு ஹியரிங் (மாநில அதிகாரி முன் விசாரணை) என்று வந்தால் இவைதான் பேசும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஏன் அனுப்பப் பார்க்கிறார்கள்?

கணக்குதான். கேர்ஸ்கவுட் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இருவர் பகிரும் அறைக்கு ஆண்டுக்கு 1,11,325 டாலரும் தனி அறைக்கு 1,27,750 டாலரும் நாடு முழுவதற்குமான இடைநிலை விலை. கையிலிருந்து கட்டுபவர் இந்த விலை கொடுப்பார். மெடிக்கேரும் நன்றாகக் கொடுக்கும். மெடிக்கெய்ட் கொடுப்பது பெரும்பாலும் இவற்றைவிடக் குறைவு, அதுவும் முடிவு வந்த பிறகு மொத்தமாகத்தான் வரும். அதுவரை அந்தப் படுக்கையிலிருந்து அவர்களுக்கு வரவு இல்லை. அவர்கள் அவசரம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். அதற்காக நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

வாயால்தான் சொன்னார்கள். நோட்டீஸ் எதுவும் தரவில்லை.

அப்படியானால் சட்டப்படி இன்னும் எதுவுமே நடக்கவில்லை. பில்லிங் ஆபீஸ் ஆள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறைக்கு வந்து, "திங்கட்கிழமைக்குள் ஒரு ஏற்பாடு பண்ணுங்கள்" என்று சொல்வது மிகவும் பழகிப்போன முறை. மாநில அலுவலகங்கள் பூட்டியிருக்கும், நீங்களும் பதறிப்போவீர்கள். "சரி, எழுத்தில் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள். பல விவகாரங்கள் அந்த இடத்திலேயே நின்றுவிடும், ஏனென்றால் எழுத்தில் காரணம் போட்டால் அது நிற்காது என்று அவர்களுக்கே தெரியும்.

எழுத்து நோட்டீஸ் வழக்கமாக 30 நாளுக்கு முன் தரப்பட வேண்டும். ஆபத்து, அவசர மருத்துவத் தேவை, உடம்பு தேறிவிட்டது, சேர்ந்தே 30 நாள் ஆகவில்லை என்பது போன்ற சில நிலைமைகளில் மட்டும் "முடிந்தவரை சீக்கிரம்" தந்தால் போதும். பணப் பிரச்சினை, ஏற்கெனவே 30 நாளைத் தாண்டித் தங்கியிருப்பவர் விஷயத்தில், அந்த விதிவிலக்கில் வராது.

நோட்டீஸ் கையில் வந்ததும் பயத்தோடு படிக்காமல் குறை கண்டுபிடிக்கும் கண்ணோடு படியுங்கள். காரணம் இருக்க வேண்டும். எந்தத் தேதியில் என்று இருக்க வேண்டும். எங்கே அனுப்புகிறார்கள் என்ற இடம் இருக்க வேண்டும். அப்பீல் செய்யும் உரிமை, எங்கே அப்பீல் செய்வது என்ற முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், படிவம் எப்படிக் கிடைக்கும் என்ற விவரம், மாநில ஆம்பட்ஸ்மனின் (நர்சிங் ஹோமில் இருப்பவர்களின் புகார்களைக் கேட்டு அவர்களுக்காகப் பேசுபவர்) தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். ஒரு நகல் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்கும் போயிருக்க வேண்டும். உங்கள் பெற்றோருக்குப் புரியும் மொழியிலும் முறையிலும் இருக்க வேண்டும் என்பதும் விதி. தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவின் கையில் நான்கு பக்க ஆங்கிலத் தாளைத் திணித்துவிட்டு "கொடுத்துவிட்டோம்" என்று சொன்னால் அதைக் கேள்வி கேட்கலாம்.

அடிக்கடி ஓட்டை விழும் இடம் "எங்கே" என்ற வரிதான். "குடும்பத்தாரின் வீடு" என்று உங்களைக் கேட்காமலே உங்கள் முகவரியை எழுதிவிடுவார்கள். படுக்கையிலிருந்து தூக்க இரண்டு பேர் வேண்டும், வீடோ மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்றால், அது பாதுகாப்பான டிஸ்சார்ஜ் ஆகாது. பாதுகாப்பாகவும் ஒழுங்காகவும் அனுப்பிவைக்கும் பொறுப்பு நர்சிங் ஹோமுடையது. "என் வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாது, நான் சம்மதிக்கவில்லை" என்று ஒரே ஒரு மின்னஞ்சல் எழுதிவிடுங்கள். இதை எழுதக் கூச்சப்படுபவர்கள் நம்மில் நிறையப் பேர். பெற்ற தாயைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று எழுதுவதா என்று தோன்றும். அங்கே எழுதுவது பாசத்தைப் பற்றி அல்ல, வீட்டில் இருக்கும் வசதியைப் பற்றி.

அப்பீல் போட்டால் அதுவரை இருக்க விடுவார்களா?

விட வேண்டும். அப்பீல் நிலுவையில் இருக்கும்போது வெளியேற்றக் கூடாது என்பதும் 483.15-ல் இருக்கிறது; அங்கே வைத்திருப்பதால் அவருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்று ஆவணத்தோடு காட்டினால் மட்டுமே விலக்கு. பணப் பாக்கி ஆபத்து ஆகாது.

கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். புளோரிடாவில் நோட்டீஸ் வந்து 10 நாளுக்குள் கேட்டால்தான் ஹியரிங் முடியும்வரை அங்கேயே இருக்கும் பாதுகாப்பு கிடைக்கும். ஆகவே எங்கே இருந்தாலும் நோட்டீஸ் வந்த அன்றைக்கோ மறுநாளோ அனுப்பிவிடுங்கள். காரணங்களை அழகாக எழுத வேண்டியதில்லை. "இந்தத் தேதியிட்ட டிஸ்சார்ஜ் நோட்டீஸை எதிர்த்து அப்பீல் செய்கிறேன், ஹியரிங் வேண்டும்" என்ற இரண்டு வரி போதும். ஹியரிங் பல நேரம் தொலைபேசியிலேயே நடக்கும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். வக்கீல் கட்டாயம் இல்லை.

கொண்டுபோக வேண்டியவை: விண்ணப்பம் போட்டதற்கான அத்தாட்சி, கேஸ் எண், கேஸ் வொர்க்கர் கேட்ட பட்டியலும் நீங்கள் கொடுத்த தேதிகளும், அம்மாவின் மாத வருமானத்தை நர்சிங் ஹோமுக்குக் கட்டிய ரசீதுகள். கடைசியில் சொன்னதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

முடிவு வரும்வரை நாங்கள் ஒன்றுமே கட்ட வேண்டாமா?

உங்கள் பணத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. அம்மாவின் வருமானத்திலிருந்து கட்ட வேண்டும்.

மெடிக்கெய்ட் கிடைத்த பிறகும் அவருடைய சோஷியல் செக்யூரிட்டி, பென்ஷன் எல்லாம் பெரும்பாலும் நர்சிங் ஹோமுக்குத்தான் போகும். கைச்செலவுக்கு என்று ஒரு சிறு தொகை அவரிடம் விடுவார்கள். மத்திய அரசு வைத்த குறைந்தபட்சம் மாதம் 30 டாலர், பல மாநிலங்கள் அதைவிடக் கூட்டித் தருகின்றன. இதோடு கூடுதல் மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம், வீட்டில் இருக்கும் துணைவருக்கான பங்கு போன்றவற்றைக் கழித்தது போக மீதி அவர் பங்கு. முடிவு முன்தேதியிட்டு வரும்போது இந்தப் பங்கும் முன்தேதியிட்டே கணக்காகும். ஆகவே விண்ணப்பம் போட்ட மாதத்திலிருந்தே அந்தத் தொகையை மாதாமாதம் காசோலையாகக் கட்டிவிடுங்கள். காசோலையில் எந்த மாதத்துக்கு என்று எழுதுங்கள்.

அந்தப் பணம் உங்கள் கூட்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டே போனால் இரண்டு கெடுதல். சொத்து வரம்பைத் தாண்டிப்போய் விண்ணப்பமே தள்ளுபடியாகலாம். "வருமானம் வந்தது, எங்களுக்குத் தரவில்லை" என்று நர்சிங் ஹோம் சொல்வதற்கும் இடம் கிடைத்துவிடும், அந்தக் குற்றச்சாட்டில் நியாயமும் இருக்கும்.

மெடிக்கேர் நாட்கள் முடிந்துவிட்டன, "நாங்கள் ரீஹாப் (குறுகியகால மறுவாழ்வுச் சிகிச்சை) மட்டும்தான் செய்கிறோம்" என்கிறார்கள்.

மெடிக்கேர் நிற்பது ஒரு செய்தி, வெளியேறுவது வேறு செய்தி. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுச் சொல்வது நர்சிங் ஹோம்களின் பழக்கம்.

மருத்துவமனையில் குறைந்தது 3 நாள் உள்நோயாளியாக இருந்து வந்தவருக்கு மெடிக்கேர் ஒரு பயன்காலத்தில் (மருத்துவமனையில் சேர்வதிலிருந்து தொடங்கும் மெடிக்கேர் கணக்குக் காலம்) அதிகபட்சம் 100 நாள் கொடுக்கும். முதல் 20 நாள் முழுக்க இலவசம். 21-ஆம் நாளிலிருந்து 100-ஆம் நாள் வரை நோயாளியும் பங்கு கட்ட வேண்டும். 2025-ல் அது நாளொன்றுக்கு 209.50 டாலர். நடைமுறையில் 100 நாள் முழுதாகக் கிடைப்பவர் குறைவு. "இனி முன்னேற்றம் இல்லை" என்று சொல்லி நடுவிலேயே நிறுத்துவார்கள். 2013-ல் முடிந்த ஜிம்மோ வழக்கின் உடன்பாட்டுக்குப் பிறகு அந்தக் காரணம் செல்லாது. இருக்கும் நிலையைத் தக்கவைக்கவோ மேலும் மோசமாகாமல் தடுக்கவோ தேர்ச்சிபெற்றவர்களின் சிகிச்சை தேவைப்பட்டால், அதுவும் மெடிக்கேர் வரம்புக்குள்தான்.

நிறுத்தும் முன் இரண்டு நாள் அவகாசத்தோடு ஒரு அறிவிப்புத் தாள் தர வேண்டும். கடைசி நாளுக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள் அதிலிருக்கும் எண்ணைக் கூப்பிட்டு விரைவு மறுஆய்வு கேட்கலாம். செலவில்லை. தோற்றால் மெடிக்கேர் பணம் நிற்கும், அவ்வளவுதான், படுக்கை போகாது. மெடிக்கேரின் அறிவிப்பு டிஸ்சார்ஜ் நோட்டீஸ் ஆகாது, அதற்கு மேலே சொன்ன 30 நாள் நோட்டீஸ் தனியாக வர வேண்டும்.

அந்த இடம் மெடிக்கெய்ட் சான்று பெற்றதா என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மெடிக்கேர் இணையதளத்தின் நர்சிங் ஹோம் தேடலில் ஒவ்வொரு இடத்துக்கும் இது போட்டிருக்கும். மெடிக்கெய்ட் சேராத இடம் என்றால் இந்தப் பக்கத்தில் சொல்லும் வாதம் பெரும்பாலும் உதவாது. விண்ணப்பம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறு இடம் தேடத் தொடங்க வேண்டும். சேர்ந்த இடம் என்றால், "மெடிக்கெய்ட் படுக்கை காலி இல்லை" என்ற பேச்சைக் கேள்வி கேளுங்கள். பல நர்சிங் ஹோம்களில் எல்லாப் படுக்கையும் இரண்டு திட்டத்துக்கும் சான்று பெற்றவை. சில மாநிலங்களில் ஒரு பகுதிப் படுக்கைக்கு மட்டும் சான்று வாங்க அனுமதி உண்டு. அங்கேதான் சிக்கல் நிஜமாக இருக்கும். மாநில சுகாதாரத் துறையைக் கேட்டால் எத்தனை படுக்கைக்குச் சான்று என்று சொல்வார்கள்.

நள்ளிரவில் அப்பாவை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இப்போது "இடம் இல்லை, திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள்.

நேரடியாக வெளியேற்ற முடியாதபோது பின்வாசல் வழியாகச் செய்வது இது. காய்ச்சல் என்றோ கத்தினார் என்றோ ஆம்புலன்ஸ் ஏற்றிவிட்டு, கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மருத்துவமனைக்கு அனுப்பும்போதே, கட்டிலை எத்தனை நாள் பிடித்துவைப்பார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும். அந்த நாட்கள் தாண்டிப்போனாலும், அவருக்கு அந்தச் சேவை இன்னும் தேவை, மெடிக்கேருக்கோ மெடிக்கெய்டுக்கோ தகுதி இருக்கிறது என்றால், முதலில் காலியாகும் இருவர் அறைப் படுக்கையில் திரும்பச் சேர்க்க வேண்டும். சேர்க்க முடியாது என்றால் அது டிஸ்சார்ஜ்தான். நோட்டீஸ், காரணம், அப்பீல் எல்லாம் பொருந்தும்.

இந்த விஷயத்தில் மருத்துவமனையின் சோஷியல் வொர்க்கர் உங்களுக்கு நல்ல துணை. அவருக்கும் கட்டில் காலியாக வேண்டும். ஆனால் அவரே நாலாவது நாள் "வேறு நர்சிங் ஹோம் பார்த்துவிட்டேன், கையெழுத்துப் போடுங்கள்" என்று வருவார். போட்டுவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும் உரிமையை நடைமுறையில் விட்டுக்கொடுத்ததாகிவிடும். அந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், அன்றைக்கே அப்பீலைப் போட்டுவிட்டு அதன் நகலைச் சோஷியல் வொர்க்கரிடம் கொடுங்கள்.

சேர்க்கும்போது நான் ஒரு கட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டேன். பாக்கிக்கு நான் பொறுப்பா?

பிள்ளைகள் தங்கள் சொந்தப் பணத்துக்கு ஜாமீன் நிற்க வேண்டும் என்று சேர்ப்பதற்கோ தொடர்ந்து தங்குவதற்கோ நிபந்தனையாகக் கேட்கவே கூடாது. மத்திய அரசு விதி. "பொறுப்பாளர்" என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், பெற்றோரின் பணத்தைக் கையாளும் அதிகாரம் உள்ளவர் அந்தப் பணத்திலிருந்து கட்டுவார் என்பதுதான் அதன் எல்லை. 2022 செப்டம்பரில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பும் மெடிக்கேர் நிர்வாகமும் சேர்ந்து, இந்த மாதிரி ஜாமீன் வாசகங்களை வைத்துப் பிள்ளைகளிடம் கடன் வசூலிப்பது சட்டவிரோதமாகலாம் என்று எச்சரித்துக் கடிதம் வெளியிட்டன.

ஆனால் இரண்டு இடங்களில் பிள்ளைகள் நிஜமாகவே மாட்டுகிறார்கள். பவர் ஆஃப் அட்டர்னி வைத்திருந்து, அம்மாவின் பணத்தை வேறு எதற்கோ செலவழித்துவிட்டால், அல்லது விண்ணப்பம் போடுவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டு போடாமல் விட்டால், ஒப்பந்த மீறல் என்று வழக்குப் போடுவார்கள்.

இன்னொன்று, பெற்றோரைக் காக்கும் கடமை பிள்ளைகளுக்கு உண்டு என்று சொல்லும் பழைய மாநிலச் சட்டங்கள். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களின் ஏட்டில் இது இருக்கிறது, பெரும்பாலான இடங்களில் தூசி படிந்து கிடக்கிறது. பென்சில்வேனியாவில் அப்படி இல்லை. 2012-ல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, தாயின் நர்சிங் ஹோம் பாக்கி ஏறத்தாழ 93,000 டாலரை மகனே கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தாயின் மெடிக்கெய்ட் அப்பீல் அப்போது நிலுவையில் இருந்தது. அது முடியும்வரை பொறுங்கள் என்று மகன் கேட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. தாய் அதற்குள் கிரீஸ் நாட்டுக்கே போய்விட்டிருந்தார். பென்சில்வேனியாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கவலைப்படுவதைவிட ஒரு முதியோர் சட்ட வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுவது நல்லது.

விண்ணப்பம் ஏன் இவ்வளவு இழுக்கிறது? எங்களால் வேகப்படுத்த முடியுமா?

விதிப்படி 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும், ஊனத்தின் அடிப்படையில் போட்ட விண்ணப்பம் என்றால் 90 நாள். தாண்டிவிட்டால் தாமதத்தை எதிர்த்தே ஹியரிங் கேட்கலாம். மறுத்தால்தான் அப்பீல் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படி இல்லை. ஹியரிங் தேதி குறித்ததும் தூங்கிக்கொண்டிருந்த கோப்பு எழுந்து உட்கார்ந்துவிடுவது சாதாரணமாக நடக்கும்.

தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஐந்து வருடக் கணக்குதான். விண்ணப்பத்துக்கு முந்தைய 60 மாதங்களில் விலையில்லாமல் கொடுத்த எதையும் அவர்கள் பார்ப்பார்கள். எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட்டும் வேண்டும். மூடிய கணக்கும் வேண்டும். பெரிய தொகை ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வேண்டும். கொடுத்தது நன்கொடை என்று முடிவானால் அபராதக் காலம் போடுவார்கள். கொடுத்த தொகையை அந்த மாநிலத்தின் சராசரி மாதச் செலவால் வகுத்தால் வருவது அத்தனை மாதம். 60,000 டாலர் கொடுத்திருந்து, சராசரி 12,000 என்றால் 5 மாதம் மெடிக்கெய்ட் கட்டாது.

நம் குடும்பங்களில் கோப்பு சிக்கிக்கொள்வது ஊர்ச் சொத்தில். தாம்பரத்தில் ஒரு ஃபிளாட், ஊர் வங்கியில் ஃபிக்சட் டெபாசிட், அப்பா பேரில் இன்னும் பாகப்பிரிவினை ஆகாத நிலம், மூன்று வருடம் முன் விற்று அண்ணன் மகள் கல்யாணத்துக்குக் கொடுத்த மனை. "அமெரிக்காவில் யாருக்குத் தெரியப்போகிறது" என்ற யோசனையை வீட்டுப் பெரியவர் யாராவது சொல்வார். கேட்காதீர்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவது பொய் சொன்னால் தண்டனை என்ற உறுதிமொழியின் கீழ். வெளிநாட்டுச் சொத்தும் சொத்துதான். ஆனால் சொன்னாலே தகுதி போய்விடும் என்றும் இல்லை. மற்ற பங்காளிகள் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாத நிலம், வழக்கில் கிடக்கும் வீடு போன்றவற்றைக் "கைக்கு எட்டாத சொத்து" என்று வாதாட வழி உண்டு. அதற்குப் பட்டா, வாரிசுச் சான்றிதழ், வழக்குத் தாள் எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்போடு வேண்டும். இங்கிருந்து கேட்டு வர மாதக் கணக்காகும், ஆகவே முதல் நாளே ஊருக்குப் போன் போடுங்கள். தமிழ்நாடு அரசுப் பென்ஷன் வருகிறது என்றால் அது வருமானம். டாலராக மாற்றிக் காட்ட வேண்டும், அவர் பங்கிலும் அது சேரும்.

சொத்து வரம்பு பெரும்பாலான மாநிலங்களில் தனி ஆளுக்கு 2,000 டாலர்தான். நியூயார்க்கில் 2025-ல் 32,396. கலிபோர்னியா 2024-ல் வரம்பையே எடுத்துவிட்டு, 2026 ஜனவரி முதல் 1,30,000 என்று திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. வீட்டில் துணைவர் இருந்தால் அவருக்குத் தனியாக 2025 கணக்கில் அதிகபட்சம் 1,57,920 டாலர் வரை விடுவார்கள். டெக்ஸஸ், புளோரிடா, நியூஜெர்சி போன்ற இடங்களில் வருமானத்துக்கும் உச்சவரம்பு உண்டு, 2025-ல் மாதம் 2,901 டாலர். அதற்கு மேல் ஒரு டாலர் வந்தாலும் மில்லர் டிரஸ்ட் என்ற தனிக் கணக்கு திறந்தாக வேண்டும். அந்தக் கணக்கு திறக்காத மாதத்துக்கு மெடிக்கெய்ட் கிடைக்காது, பின்னால் போய்ச் சரிசெய்யவும் முடியாது. அந்த மூன்று மாநிலத்துக்காரர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

அம்மாவுக்கு கிரீன் கார்டுதான், வந்து மூன்று வருடம்.

1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கிரீன் கார்டு கிடைத்து ஐந்து வருடம் ஆகும்வரை பெரும்பாலான மாநிலங்களில் அவசர சிகிச்சைக்கு மட்டுமே மெடிக்கெய்ட் கொடுக்கும். நீண்டகால நர்சிங் ஹோம் அதில் வராது. நியூயார்க்கில் 2001-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றால் மாநிலப் பணத்தில் வழி இருக்கிறது. மற்ற பெரும்பாலான இடங்களில் விண்ணப்பம் போடுவதால் காலம் கிடைக்கலாம், முடிவு மாறாது. இந்த நிலையில் இருப்பவர்கள் நர்சிங் ஹோமோடு சண்டை போடுவதில் சக்தியைச் செலவழிக்காமல், வீட்டிலோ ஊரிலோ மாற்று ஏற்பாட்டை யோசிப்பதே சரி என்பது என் கருத்து. குடியுரிமை வாங்கியவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

விண்ணப்பம் தள்ளுபடியானால் அன்றைக்கே வெளியேற்றலாமா?

அன்றைக்கே முடியாது, 30 நாள் நோட்டீஸும் அப்பீலும் அப்போதும் உண்டு. தள்ளுபடியை எதிர்த்து மாநிலத்திடம் ஹியரிங் கேளுங்கள். கெடு மறுப்புக் கடிதத்திலேயே இருக்கும், 90 நாளைத் தாண்டாது. "தாள் வரவில்லை" என்ற காரணத்தால் வரும் தள்ளுபடிகள் ஏராளம். அந்தத் தாளைக் கொடுத்தால் பல நேரம் அலுவலகமே திரும்ப எடுத்துக்கொள்ளும். நியூயார்க் விதியில், உதவி மறுக்கப்பட்டதை எதிர்த்த அப்பீல் நிலுவையில் இருக்கும்வரை பணம் கட்டாததைக் காரணம் காட்டி வெளியேற்றக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. வேறு மாநிலங்களில் இது ஆம்பட்ஸ்மனைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம்.

அப்பீலோடு புது விண்ணப்பமும் போட்டுவிடுங்கள். இப்போதைக்கு விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய மூன்று மாதங்களுக்கும் மெடிக்கெய்ட் முன்தேதியிட்டுக் கொடுக்கும், சில மாநிலங்கள் விலக்கு வாங்கி இதைக் குறைத்திருக்கின்றன. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2027 ஜனவரி முதல் போடும் விண்ணப்பங்களுக்கு முதியோர் விஷயத்தில் இது இரண்டு மாதமாகக் குறைகிறது. அதற்குப் பிறகு ஒரு மாதத் தாமதமும் பத்தாயிரம் டாலர் பாக்கியாக நிற்கும்.

விதி எல்லாம் சரி, மீறினால் யார் கேட்பது?

முதல் அழைப்பு ஆம்பட்ஸ்மனுக்கு. ஒவ்வொரு மாநிலத்திலும் உண்டு, இலவசம், உங்கள் அனுமதி இல்லாமல் உங்கள் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். எண் தெரியவில்லை என்றால் எல்டர்கேர் லொகேட்டர் 1-800-677-1116-ல் கேட்டால் உங்கள் ஊருக்கானதைத் தருவார்கள். அடுத்தது மாநில சுகாதாரத் துறையின் ஆய்வுப் பிரிவில் புகார். வருமானம் குறைந்த முதியோருக்கு லீகல் எய்ட் அலுவலகங்கள் டிஸ்சார்ஜ் வழக்குகளை இலவசமாக எடுத்துக்கொள்வதுண்டு.

நீதிமன்றமும் உண்டு. இண்டியானாவில், மாவட்ட அரசு அமைப்புக்குச் சொந்தமான நர்சிங் ஹோம் ஒன்று, மறதிநோய் கண்ட ஒருவருக்கு மருந்தால் மயக்கம் கொடுத்ததாகவும், முறையான அறிவிப்பு இல்லாமல் வேறிடத்துக்கு மாற்றப் பார்த்ததாகவும் குடும்பம் வழக்குப் போட்டது. டாலெவ்ஸ்கி வழக்கு என்று பெயர். 2023 ஜூன் 8-ல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில், 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் இந்த உரிமைகளுக்காக ஒருவர் நேரடியாக மத்திய நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சொன்னது. அரசுக்குச் சொந்தமான இடங்களுக்குத்தான் இந்த வழி பொருந்தும். தனியார் இடமென்றால் மாநிலச் சட்டம்.

இதில் எதைச் செய்தாலும், முடிவு வரும்வரை நீங்களாக அம்மாவை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். அப்படிக் கொண்டுவந்தால் அவர் தாமாகவே போய்விட்டார் என்று எழுதிக்கொள்வார்கள், அப்பீல் செய்ய ஒன்றுமே இருக்காது.